ஏறாத பேருந்தும் ஏற்றிச்சென்ற கார்களும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகர் மான்ட்கோமரியில் 1955இல் ஓடிய நகரப் பேருந்தில் 36 இருக்கைகள். முன்னால் இருந்த 10 வெள்ளையருக்கு. அவை காலியாகக் கிடந்தாலும், வண்டியில் ஒரு வெள்ளையர்கூட இல்லாவிட்டாலும், கறுப்பினத்தவர் அங்கே உட்காரக் கூடாது. பின்னால் இருந்த 10 கறுப்பினத்தவருக்கு. நடுவில் இருந்த 16தான் வம்பு. அங்கே யார் உட்காரலாம் என்பது ஓட்டுநரின் இஷ்டம். வெள்ளையர் ஏற ஏற அவர் பின்னால் திரும்பி ஒரு குரல் கொடுப்பார். வரிசை முழுக்க எழுந்துவிட வேண்டும். ஒரு வெள்ளையருக்கு ஓர் இடம் வேண்டுமென்றால் நான்கு கறுப்பினத்தவர் எழ வேண்டும், ஒரே வரிசையில் இரு நிறத்தாரும் உட்காரக் கூடாது என்பதால். கட்டணம் 10 சென்ட். அதை முன்வாசலில் ஏறிப் பெட்டியில் போட்டுவிட்டு, கீழே இறங்கி, பின்வாசலுக்கு நடந்துபோய் மறுபடி ஏற வேண்டும். காசு போட்டவர் பின்வாசலை எட்டுவதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவதும் உண்டு. இத்தனைக்கும் பயணிகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர். தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை கண்ட நாட்டுக்காரர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

இந்த முறைக்கு எதிராக நடந்த போராட்டத்தை உலகம் இரண்டு உருவங்களாக நினைவில் வைத்திருக்கிறது. எழ மறுத்த ரோசா பார்க்ஸ், மேடையில் முழங்கிய மார்ட்டின் லூதர் கிங். இரண்டும் உண்மைதான். ஆனால் 1955 டிசம்பர் 5இலிருந்து அடுத்த ஆண்டு டிசம்பர் 20 வரை, 381 நாட்கள், அந்த நகரத்துக் கறுப்பினத்தவர் பேருந்தில் ஏறவில்லை. அத்தனை நாளும் காலையில் சமையல்காரப் பெண்கள் வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள், மாலையில் வீடு திரும்பினார்கள். எப்படி? இனவெறி எதிர்ப்பை மனம் திருந்துகிற விஷயமாக, பேச்சில் கவனமாக இருக்கிற விஷயமாக இன்று நிறையப் பேர் பேசுகிறார்கள். மான்ட்கோமரியில் அது பெரும்பாலும் போக்குவரத்து வேலையாக இருந்தது. அன்றாட வாழ்வில் இனவெறியை எதிர்ப்பது என்றால் என்ன செய்வது என்று கேட்கிறவருக்கு, மேடைப் பேச்சுகளைவிட அந்த நகரத்தின் பெட்ரோல் கணக்கு அதிகம் சொல்லும் என்பது என் கட்சி.

வேலையைத் தொடங்கியவர் ஓர் ஆங்கிலப் பேராசிரியை. ஜோ ஆன் ராபின்சன், அலபாமா மாநிலக் கல்லூரியில் பாடம் எடுத்தவர். 1949இல் ஏறத்தாழ காலியாக இருந்த பேருந்தில் தெரியாமல் முன்பக்கம் உட்கார்ந்துவிட்டார். ஓட்டுநர் அடிக்க வருவதுபோல் பாய்ந்து கத்தியதில் அழுதுகொண்டே இறங்கி ஓடினார். மறு ஆண்டு ‘பெண்கள் அரசியல் பேரவை’யின் தலைவர் பொறுப்புக்கு வந்தார். 1954 மே 17 அன்று, பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்கே நாளில், மே 21 அன்று, மேயர் கெய்லுக்கு ராபின்சனின் கடிதம் போனது. பயணிகளில் முக்கால்வாசி நாங்கள், நாங்கள் ஏறாவிட்டால் உங்கள் பேருந்து ஓடாது என்பதை மரியாதை குறையாமல் எடுத்துச் சொன்ன கடிதம் அது. பார்க்ஸ் கைதாவதற்கு ஒன்றரை வருடம் முன்னால்.

இடையில், பேருந்தில் எழ மறுத்ததற்காக இரண்டு சிறுபெண்கள் கைதானார்கள். 1955 மார்ச்சில் 15 வயது கிளாடெட் கால்வின், அக்டோபரில் 18 வயது மேரி லூயிஸ் ஸ்மித். இருவரையும் முன்னிறுத்திப் போராடத் தலைவர்கள் தயங்கினார்கள். வயது, குடும்பம், ஊர் என்ன பேசும் என்ற கணக்குகள். போராட்டங்களுக்குள்ளேயும் இப்படி ஓர் இருக்கை வரிசை இருக்கத்தான் செய்கிறது. டிசம்பர் 1, வியாழன் மாலை, துணிக்கடையில் தையல் வேலை பார்த்த 42 வயது ரோசா பார்க்ஸ் கைதானார். களைத்துப்போன தையல்காரி என்று கதைகளில் வருபவர், உண்மையில் கறுப்பின முன்னேற்றச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைச் செயலாளராகப் பல ஆண்டுகள் இருந்தவர். அந்தக் கோடையில்தான் டென்னசி மாநிலத்தில் ஒரு போராட்டப் பயிற்சிப் பள்ளிக்குப் போய்வந்திருந்தார்.

செய்தி கிடைத்த இரவே ராபின்சன் கல்லூரிக்குப் போனார். வணிகவியல் துறைத் தலைவரிடம் சைக்ளோஸ்டைல் இயந்திரம் இருந்தது. திங்கள்கிழமை பேருந்தில் ஏறாதீர்கள் என்று அவரும், ராபின்சனும், இரண்டு மாணவர்களும் விடிய விடிய நோட்டீஸ் உருட்டினார்கள். தாள் மிச்சமாகட்டும் என்று ஒரு தாளுக்கு மூன்று நோட்டீஸ்; பிறகு வெட்டிக் கட்டுக்கட்டாக அடுக்கினார்கள். பல்லாயிரக்கணக்கில். எந்தத் தெருவில், எந்தப் பள்ளி வாசலில், எந்த அழகு நிலையத்தில் யார் போடுவது என்ற வழித்திட்டம் பேரவையிடம் முன்பே தயாராக இருந்தது. விடிந்ததும் எட்டு மணி வகுப்பை எடுத்துவிட்டு, ராபின்சன் மாணவர்களோடு காரில் ஏறி விநியோகிக்கப் போனார். அது அரசுக் கல்லூரி. இயந்திரமும் தாளும் அரசாங்கத்துடையது. பிடிபட்டால் வேலை போயிருக்கும். சிலிர்ப்பூட்டும் கட்டம் என்று இதைத் திரைப்படங்கள் எடுத்துக்கொள்வதில்லை, இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றுவதில் நாடகம் குறைவு என்பதாலோ என்னவோ.

திங்கள்கிழமை பேருந்துகள் காலியாக ஓடின. ஒருநாள் போராட்டம் என்றுதான் நோட்டீஸ் சொன்னது. அன்று மாலை ஹோல்ட் தெரு பாப்டிஸ்ட் சர்ச்சில் கூடிய கூட்டம், தொடர்வது என்று முடிவெடுத்தது. 26 வயது கிங், புதிதாக உருவான மான்ட்கோமரி முன்னேற்றச் சங்கத்தின் தலைவரானார். அப்போது அவர்கள் கேட்டது என்ன தெரியுமா? ஓட்டுநர்கள் மரியாதையாகப் பேச வேண்டும்; முதலில் வந்தவர் முதலில் உட்காரட்டும், கறுப்பினத்தவர் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்தும்; கறுப்பினத்தவர் மிகுதியாக உள்ள தடங்களில் கறுப்பின ஓட்டுநர்களும் வேண்டும். பிரிவினையை ஒழிக்கச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. அந்தக் குறைந்தபட்சத்தையும் நகராட்சி மறுத்தது. மறுத்ததன் விலை பின்னால் தெரிந்தது.

முதல் சில நாட்கள் கறுப்பின டாக்சிக்காரர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஆட்களை ஏற்றினார்கள். போலீஸ் ஒரு பழைய விதியைத் தூசி தட்டியது. டாக்சியின் குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட், குறைத்து வாங்கினால் நடவடிக்கை. லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் 1953இல் சில நாட்கள் நடந்த பேருந்துப் புறக்கணிப்பை நடத்திய பாதிரியார் டி. ஜே. ஜெமிசனை கிங் தொலைபேசியில் பிடித்தார். அங்கே கார் வைத்திருந்தவர்கள் முறைவைத்து ஆட்களை ஏற்றியிருந்தார்கள். அந்த அனுபவத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

ஏறத்தாழ ஒரு வாரத்தில் மான்ட்கோமரியில் புதிய போக்குவரத்துக் கழகம் ஒன்று முளைத்தது என்றே சொல்லலாம். சுமார் 300 கார்கள். காலையில் ஆட்களை ஏற்ற 48 இடங்கள், மாலையில் திரும்ப ஏற்ற 42 இடங்கள். சர்ச் வாசல்கள், கடை முன்புறங்கள், நகர நடுவில் கறுப்பினத்தவர் ஒருவர் நடத்திய வண்டி நிறுத்துமிடம். எந்தத் தெருவில் எத்தனை பேர், எந்த வெள்ளையர் குடியிருப்புக்கு எத்தனை சமையல்காரர்கள் போகிறார்கள் என்பதைத் தபால் துறையில் வேலைபார்த்தவர்களை வைத்துக்கொண்டு வரைபடத்தில் குறித்தார்கள். பொறுப்பை ஏற்றவர் ரூஃபஸ் லூயிஸ். கறுப்பினத்தவரை வாக்காளர் பட்டியலில் சேர்க்கப் பல ஆண்டுகள் அலைந்தவர், ஆகவே ஊரின் சந்துபொந்து தெரிந்தவர். நம் ஊர் ஷேர் ஆட்டோ போல நினைத்துக்கொள்ளலாம், கட்டணம் மட்டும் கிடையாது: காசு வாங்கினால் உரிமம் இல்லாத வாடகை வண்டி என்று வழக்குப் போடுவார்கள். ஆகவே பயணம் இலவசம், எண்ணெய்க்குப் பணம் சங்கத்திலிருந்து.

ரோசா பார்க்ஸும் கொஞ்ச காலம் இந்த ஏற்பாட்டில் வண்டிகளை அனுப்பும் வேலை பார்த்தார். பயணிகளுக்கும் ஓட்டுநர்களுக்கும் அவர் கைப்பட எழுதிய குறிப்புகள் இன்றும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. வரலாற்றின் திருப்புமுனை என்று பாடநூல்கள் போற்றும் பெண்மணி, கைதுக்குப் பிறகு செய்த வேலைகளில் ஒன்று, அடுத்த வண்டி யாருக்கு, எங்கே என்று பார்த்து அனுப்புவது. துணிக்கடை வேலை ஜனவரியில் போய்விட்டது.

போலீஸ் சும்மா இருக்கவில்லை. கார்கள் மெதுவாகப் போனாலும் அபராதச் சீட்டு, வேகமாகப் போனாலும் சீட்டு. 1956 ஜனவரி 26 அன்று கிங், 25 மைல் வேக எல்லையில் 30 மைல் வேகத்தில் ஓட்டினார் என்று சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார். நான்கு நாள் கழித்து அவர் வீட்டில் குண்டு. ராபின்சனின் கார்மேல் யாரோ அமிலம் ஊற்றினார்கள். சர்ச்சுகளின் பெயரில் பெரிய ஸ்டேஷன் வேகன்கள் வாங்கப்பட்டு, கதவில் சர்ச் பெயர் எழுதப்பட்டு, ‘உருளும் சர்ச்சுகள்’ என்று அவற்றுக்குப் பட்டப்பெயர் வந்ததும், காப்பீட்டு நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. காப்பீடு இல்லாமல் வண்டி ஓடக் கூடாது. அட்லாண்டாவின் கறுப்பினக் காப்பீட்டு முகவர் ஒருவர் கடைசியில் லண்டன் லாயிட்ஸில் போய் ஏற்பாடு செய்தார். பிரிவினையைக் காப்பாற்ற நினைத்தவர்கள் கொள்கை விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. வண்டியின் காகிதத்தில் கைவைத்தார்கள். எதிர்த்தவர்களும் காகிதத்தால்தான் பதில் சொன்னார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது? புகழ் பரவிய பிறகு வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் நன்கொடை வந்தது. ஆனால் முதல் மாதங்களில் உள்ளூர்க் காசுதான். அங்கேதான் ஜார்ஜியா கில்மோர் வருகிறார். ஓர் உணவகத்தில் சமையல்காரர், பல பிள்ளைகளுக்குத் தாய், பேச்சில் யாருக்கும் பயப்படாதவர். 1955 அக்டோபரிலேயே, பார்க்ஸ் கைதாவதற்கு முன்பே, தனியாளாகப் பேருந்து ஏறுவதை நிறுத்தியிருந்தார். காசைப் போட்டுவிட்டுப் பின்வாசலுக்குப் போவதற்குள் ஓட்டுநர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனதுதான் காரணம். திங்கள் இரவுக் கூட்டங்களில் கோழி வறுத்து ரொட்டியில் வைத்து விற்கத் தொடங்கினார். பிறகு தெரிந்த பெண்களைச் சேர்த்துக்கொண்டார். வீட்டில் கேக், சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பணியாரம், பொரித்த மீன் செய்து, அழகு நிலையங்களிலும் சலவைக் கடைகளிலும் டாக்சி நிறுத்தங்களிலும் வீடுவீடாகவும் விற்றார்கள். வாங்கியவர்களில் வெள்ளையரும் உண்டு, பணம் எங்கே போகிறது என்று தெரிந்தும் தெரியாமலும்.

அந்தக் குழுவுக்கு ‘எங்கிருந்தும் வராத சங்கம்’ என்கிற பொருளில் ஒரு பெயர். காரணம் எளிது. அதில் இருந்த பெண்கள் பகலில் வெள்ளையர் வீடுகளில் சமைத்தார்கள். போராட்டத்துக்குப் பணம் திரட்டுகிறார்கள் என்று தெரிந்தால் வேலை போய்விடும். யார் கொடுத்த பணம் என்று யாரேனும் கேட்டால், எங்கிருந்தும் வரவில்லை என்று சொல்லிவிடலாம். யார் யார் உறுப்பினர்கள் என்பது கில்மோரின் தலைக்குள் மட்டும். வாராவாரம் கூட்டத்தில் அவர் எழுந்து அந்த வாரத் தொகையை அறிவிப்பார், சர்ச் அதிரும். நகரின் இன்னொரு பகுதியில் இனெஸ் ரிக்ஸ் என்பவர் போட்டிக்கு ஒரு சங்கம் தொடங்கினார். யார் அதிகம் திரட்டினார்கள் என்பது வாராந்தரப் பந்தயமாகிவிட்டது. தியாகம், விடுதலை என்ற பெரிய சொற்களுக்குப் பக்கத்திலேயே, அவளைவிட என் கேக் நன்றாக விற்க வேண்டும் என்ற வைராக்கியமும் 381 நாளை நகர்த்தியிருக்கிறது. இதைச் சொல்வதால் போராட்டம் சிறுத்துவிடாது.

1956 மார்ச்சில் கிங்மீது புறக்கணிப்புத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்கு நடந்தபோது கில்மோர் சாட்சிக் கூண்டில் ஏறி, ஓட்டுநர் தன்னை நடத்திய விதத்தைச் சொன்னார். வேலை போயிற்று. கிங் ஊக்கப்படுத்தி உதவவே, வீட்டிலேயே சமைத்து விற்க ஆரம்பித்தார். அவருடைய சாப்பாட்டு மேசையைச் சுற்றி கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். நகரத்தின் எந்த உணவகத்திலும் அப்போது அது நடந்திருக்க முடியாது.

இனி வெள்ளையர் வீட்டுச் சமையலறைக்குள் போவோம். வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வீட்டு வேலைக்காரர்கள். அவர்கள் வராவிட்டால் வெள்ளையர் வீடுகளில் அடுப்பு எரியாது, குழந்தையைப் பார்க்க ஆளிருக்காது. ஆகவே ஏராளமான இல்லத்தரசிகள் தாங்களே காரை எடுத்துக்கொண்டுபோய் வேலைக்காரரை அழைத்து வந்தார்கள், மாலையில் கொண்டுவிட்டார்கள். புறக்கணிப்பு உடையாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எரிச்சலடைந்த மேயர் கெய்ல், இதை நிறுத்துங்கள் என்று வெளிப்படையாகவே வெள்ளைப் பெண்களைக் கேட்டுக்கொண்டார். நிறுத்தவில்லை. வர்ஜீனியா டர் என்ற மான்ட்கோமரி வெள்ளைப் பெண்மணி, ரோசா பார்க்ஸைப் பிணையில் எடுக்கப் போனவர்களில் ஒருவர். இந்த இரட்டை நாடகத்தைப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். நீயும் இதில் சேர்ந்திருக்கிறாயா என்று முதலாளியம்மா கேட்டால், ஐயோ இல்லையம்மா, கலாட்டா அடங்கும்வரை பேருந்துப் பக்கம் போகாமல் இருக்கிறோம், அவ்வளவுதான் என்பார்களாம்.

காரெடுத்துப் போன அந்த இல்லத்தரசிகள் இனவெறியை எதிர்த்தார்களா? பெரும்பாலோர் இல்லை. மேயரே வந்து என் துணியைத் துவைத்துப் போடட்டும் என்கிற வசதிக் கணக்குதான். இதைப் புண்ணியக் கணக்கில் எழுதக் கூடாது என்றே நினைக்கிறேன். ஆனாலும் விளைவு விளைவுதான். ஃபிஸ்க் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் பிரெஸ்டன் வாலியன் 1956 தொடக்கத்திலேயே கறுப்பின, வெள்ளை ஆய்வாளர்கள் அடங்கிய குழுவை மான்ட்கோமரிக்கு அனுப்பினார். கறுப்பினத்தவரைக் கறுப்பினத்தவரும் வெள்ளையரை வெள்ளையரும் பேட்டி கண்டார்கள். அடக்கமாகப் பொய் சொன்னவர்கள் மட்டுமில்லை, முதலாளியம்மாவின் முகத்துக்கு நேரே வாதாடிய வேலைக்காரப் பெண்களையும் அந்தப் பதிவுகளில் பார்க்கலாம்.

வெள்ளையரில் தெரிந்தே துணிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள். நூலகர் ஜூலியட் மோர்கன் அவர்களில் ஒருவர். கார் ஓட்டும் பழக்கமில்லாததால் பேருந்தில் போவார். கறுப்பினப் பெண்ணிடம் காசு வாங்கிக்கொண்டு ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினால், இவர் மணிக்கயிற்றை இழுத்து வண்டியை நிறுத்தி, அந்தப் பெண் ஏறும்வரை விடமாட்டார். யாரும் இயக்கம் தொடங்காத காலத்தில், சக வெள்ளையர் முறைக்க முறைக்கச் செய்தது அது. 1955 டிசம்பர் 12 அன்று உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த அவருடைய கடிதம், புறக்கணிப்பை காந்தியின் உப்பு சத்தியாகிரகத்தோடு ஒப்பிட்டது. தொலைபேசியில் வசவு, வீட்டு வாசலில் கல், பிறகு எரியும் சிலுவை. நூலகத்திலிருந்து நீக்கச் சொல்லி நெருக்கடி. 1957 ஜூலையில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 2005இல் அந்த நகரத்து நூலகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். கறுப்பின லூத்தரன் சர்ச் ஒன்றின் வெள்ளைப் பாதிரியார் ராபர்ட் கிரேட்ஸ் செய்தது இன்னும் எளிமையானது: காலையில் தன் காரை எடுத்துக்கொண்டு மற்ற ஓட்டுநர்களைப் போல ஆள் ஏற்றினார். அவர் வீட்டில் இரண்டு முறை குண்டு வைத்தார்கள்.

பேருந்துப் பிரிவினையை ஒழித்தது நீதிமன்றம்தானே, நடந்து தேய்ந்த கால்களா என்று கேட்கிற வரலாற்றாசிரியர்கள் உண்டு. சட்டப்படி அவர்கள் சொல்வது சரி. 1956 பிப்ரவரி 1 அன்று வழக்கறிஞர் ஃபிரெட் கிரே தொடுத்த வழக்கில் பார்க்ஸின் பெயர் இல்லை. முன்பு ஒதுக்கிவைக்கப்பட்ட கிளாடெட் கால்வின், மேரி லூயிஸ் ஸ்மித், அவர்களோடு ஆரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட். ஜூன் 5 அன்று கூட்டாட்சி நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது, நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆனால் குறைந்தபட்சக் கோரிக்கைகளையும் நகராட்சி தட்டிக்கழித்து, தலைவர்களின் வீடுகளில் குண்டு வெடிக்கத் தொடங்கிய பிறகு வந்த வழக்கு அது. பேருந்து நிறுவனமோ ஏப்ரலிலேயே பணிந்துவிட்டது. இனிப் பிரிவினையை நடத்தமாட்டோம் என்று அறிவித்தது. நகராட்சிதான் நீதிமன்றம் போய் அதைத் தடுத்தது. காலி இருக்கைகளின் நஷ்டம் நிறுவனத்துக்குப் புரிந்த அளவு நகராட்சிக்குப் புரியவில்லை.

நவம்பர் 13 அன்று இன்னொன்றும் நடந்தது. கார் ஏற்பாட்டைத் தடைசெய்யக் கோரும் நகராட்சி வழக்கு உள்ளூர் நீதிமன்றத்தில் விசாரணையில் இருந்தது. கிங் அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் வாஷிங்டன் செய்தி வந்தது. தடையும் விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்ற ஆணை எழுத்தில் வந்துசேர ஒரு மாதத்துக்கும் மேல் ஆயிற்று. வென்ற பிறகு, கார்களும் இல்லாமல், டிசம்பர் 20 வரை ஆட்கள் நடந்தார்கள்.

அந்த இடைவெளியை அவர்கள் பயன்படுத்திய விதம் கவனிக்கத்தக்கது. சர்ச்சுகளில் நாற்காலிகளைப் பேருந்துபோல வரிசையாகப் போட்டார்கள். ஒருவர் ஓட்டுநர், சிலர் வெள்ளைப் பயணிகள், சிலர் கறுப்பினத்தவர். திட்டுவார்கள், தள்ளுவார்கள், பதிலுக்குக் கைநீட்டாமல் இருக்கப் பழகுவார்கள். டிசம்பர் 19 தேதியிட்டு ஒரு நோட்டீஸும் வந்தது. வேறு இடம் இருக்கும்போது வேண்டுமென்றே வெள்ளையர் பக்கத்தில் போய் உட்காராதீர்கள். உட்கார நேர்ந்தால் அனுமதி கேட்டுவிட்டு உட்காருங்கள். பெருமை பேசாதீர்கள். இன்று வாசித்தால் உறுத்துகிறது. அவமானப்பட்டவர்களுக்கே அடக்கப் பாடமா என்று கோபம் வருகிறது. வெள்ளையர் பக்கத்தில் இப்படி ஓர் ஒத்திகையை நடத்த முன்வந்த அமைப்பு ஒன்றையும் காணவில்லை என்று கிங்கே குறைபட்டிருக்கிறார்.

பயிற்சி வகுப்புகள் இன்று பெரிய தொழில். 2018 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியாவின் ஸ்டார்பக்ஸ் கடையொன்றில் எதுவும் வாங்காமல் ஒருவருக்காகக் காத்திருந்த இரண்டு கறுப்பின இளைஞர்களை போலீஸ் விலங்கிட்டு அழைத்துப் போனது. நாடு கொதித்தது. மே 29 அன்று நிறுவனம் அமெரிக்காவில் 8,000க்கும் மேற்பட்ட கடைகளைப் பிற்பகலில் மூடி, ஏறத்தாழ 1,75,000 ஊழியர்களுக்குப் பாகுபாடு பற்றிப் பாடம் நடத்தியது. மனதுக்குள் மறைந்திருக்கும் பாகுபாட்டை மாற்றும் முயற்சிகள் குறித்த 492 ஆய்வுகளைத் தொகுத்து உளவியலாளர் ஃபோர்ஷரும் சகாக்களும் 2019இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சோதனைகளில் மதிப்பெண்ணைச் சற்று மாற்றலாம். அந்த மாற்றம் நடத்தையை மாற்றியதற்குச் சான்று கிடைக்கவில்லை என்பது அதன் சாரம். ஸ்டார்பக்ஸ் விஷயத்தில் என் கண்ணுக்குப் பெரிதாகப்பட்டது அந்தப் பிற்பகல் வகுப்பு இல்லை. அதே மாதம் வந்த விதிமாற்றம்: எதுவும் வாங்காவிட்டாலும் யாரும் கடையில் உட்காரலாம், கழிப்பறையைப் பயன்படுத்தலாம். யாரை வெளியே அனுப்புவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் கல்லாவில் நிற்பவரிடமிருந்து எடுக்கப்பட்டது. நடு 16 இருக்கைகளை ஓட்டுநரின் இஷ்டத்திலிருந்து பிடுங்கியதற்கு நெருங்கியது அதுதான். 2025 ஜனவரியில் நிறுவனம் அந்த விதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

மான்ட்கோமரியிலும் வெற்றி நேர்கோட்டில் போகவில்லை. 1956 டிசம்பர் 21 அன்று பேருந்துகள் கலந்து ஓடின. ஒரு வாரத்தில் பேருந்துகள்மேல் துப்பாக்கிச் சூடு, கர்ப்பிணி ஒருவரின் கால்களில் குண்டு பாய்ந்தது. ஜனவரி 10 அன்று நான்கு சர்ச்சுகளில் குண்டுவெடிப்பு. பேருந்தை விட்டுக்கொடுத்த நகராட்சி, பூங்காக்களை விடுவதாக இல்லை. கறுப்பினத்தவரை அனுமதிக்காத பூங்காக்களுக்கு எதிராக 1958இல் வழக்கு வந்தது. கலந்து விளையாட விடுவதைவிட மூடிவிடலாம் என்று 1959இல் எல்லாப் பூங்காக்களையும் நகராட்சி பூட்டியது. 1965இல்தான் மறுபடி திறந்தது. அதற்குள் வெள்ளைப் பிள்ளைகளுக்கென்று தனியார் பள்ளிகள் முளைத்திருந்தன. நகராட்சி தன் விளையாட்டு மைதானங்களை அந்தப் பள்ளிகளுக்குத் தனி உபயோகத்துக்குக் கொடுத்தது. அதுவும் அதே வழக்கின் தொடர்ச்சியாக மேலே போய், 1974இல் உச்ச நீதிமன்றம் அப்படித் தனியாகக் கொடுக்கக் கூடாது என்றது. அமெரிக்கச் சட்டப் புத்தகங்களில் அந்த வழக்கு, மனுதாரர்களில் முதல் பெயரால், கில்மோர் எதிர் மான்ட்கோமரி நகராட்சி என்று இருக்கிறது. கோழி வறுத்து விற்ற அதே ஜார்ஜியா கில்மோர்.